சத்தியத்தில் தேன் இல்லை

பலா மறுபடியும் நாலு விரற்கடை இறங்கியிருந்தது.

மணிமாறன் டார்ச்சைக் கண்ணாடி ஜாடியின் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தான். போன வாரம் அடையாளத்துக்கு ஒட்டிய பிளாஸ்திரி மேலே இருந்தது. பலாச்சுளை போட்டு நொதிக்க வைத்த தேறல் எங்கேயோ கீழே கிடந்தது. பக்கத்து ஜாடியில் முந்திரிப்பழமும் இறங்கியிருந்தது. இஞ்சியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், பாதி காலி. வெறும் தேன் போட்டது மட்டும் கொஞ்சம் மரியாதையாக நின்றது.

"டேய் தங்கராசு..." என்று பல்லைக் கடித்தான்.

தங்கராசு நெய்வேலி மைன்ஸில் அவனோடு கன்வேயர் பிரிவில் வேலை பார்ப்பவன். அடுத்த வரிசை குவார்ட்டர்ஸ். தோட்டத்துப் பக்கம் பழைய கோழிக்கூண்டுக்குள் நாலு ஜாடி இருக்கிறது என்பது உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அப்படித்தான் மணிமாறன் நம்பிக்கொண்டிருந்தான்.

இங்கே மணிமாறனின் வலது மணிக்கட்டில் கிடக்கும் மஞ்சள் கயிற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் சம்பள நாளன்று அவன் பிராந்திக் கடை வழியாகத்தான் வீட்டுக்கு வருவான். வருவான் என்பதுகூடத் தப்பு, கொண்டுவந்து போடுவார்கள். ஒருநாள் அவன் மனைவி விஜயலட்சுமி துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டு குறிஞ்சிப்பாடி பஸ் ஏறிவிட்டாள். மாமனார் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சினான், அழுதான். அய்யனார் கோயிலில் கயிறு கட்டினால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். கட்டினான். பூசாரி சொல்லச் சொல்ல, அவள் பக்கத்தில் நின்று கேட்க, இவன் திருப்பிச் சொன்னான்: "சாராயம், பிராந்தி, பீரு, கள்ளு, இதையெல்லாம் தொட மாட்டேன். தொட்டா எம் பொண்டாட்டி எனக்கில்ல."

அதற்கப்புறம் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. விஜயலட்சுமி இல்லாத அந்த வீட்டில் இருந்த நாட்களை நினைத்தாலே கயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான்.

ஆனால் கம்பெனி டிரெயினிங்குக்குப் புனே போன இடத்தில் ஒரு மராட்டிக்காரன் ஒரு கிளாஸை நீட்டினான். தேனையும் தண்ணீரையும் நொதிக்க வைத்த தேறல் என்றான். மணிமாறன் மனசுக்குள் பூசாரியின் வரிசையை ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். சாராயம் இல்லை, பிராந்தி இல்லை, பீரும் இல்லை, கள்ளும் இல்லை. தேன் என்ற பேச்சே அதில் வரவில்லை. அய்யனாரே விட்டுவைத்த வழி என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் குடித்தான்.

ஊருக்கு வந்ததும் யூடியூப்பைப் பார்த்து வேலையை ஆரம்பித்துவிட்டான். முத்தாண்டிக்குப்பம் முந்திரித் தோப்பில் தேன்பெட்டி வைத்திருப்பவரிடம் தேன், பேக்கரியில் ஈஸ்ட், பண்ருட்டிப் பலாச்சுளை. மாதக்கணக்கில் காத்திருந்தான். காத்திருந்தான் என்றா சொன்னேன்? தினமும் மூடியைத் திறந்து முகர்ந்து, ஜாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, அதைத் தூங்கவே விடவில்லை.

முதல் தடவை ருசி பார்த்த அன்று தங்கராசு முகத்தைச் சுளித்தான்.

"தேன் போட்டேன்னு சொன்ன. இனிப்பு எங்கண்ணா?"

"இனிப்ப ஈஸ்ட்டு தின்னுடுச்சிடா. வாயால பாக்காத, மூக்கால பாரு."

தங்கராசு மூக்கை வைத்தான். முந்திரி பூக்கிற மாசத்தில் தோப்பு ஓரமாகப் பைக்கில் போனால் முகத்தில் வந்து அடிக்குமே, அந்த வாசனை. ஒரே மூச்சில் கிளாஸைக் காலி செய்தான். பிறகு முந்திரிப்பழம் போட்டதைக் குடித்தான். அது நாக்கின் ஓரத்தைப் பிடித்து இழுத்துக் காறலாகத் தொண்டையில் இறங்கியது. இஞ்சி நுரைத்துக்கொண்டு சுர்ரென்று மூக்கில் ஏறியது. பலாவுக்குத்தான் அவன் விழுந்தான். இனிப்பும் இருந்தது, அடியில் லேசான புளிப்பும் இருந்தது, கிளாஸ் காலியான பிறகும் கையில் மணந்தது.

"ண்ணா, இத்தன நாளா எதக் குடிச்சிகினு இருந்தோம்?" என்றான் பரிதாபமாக.

அந்தத் தங்கராசுதான் இப்போது திருடுகிறான் என்று மணிமாறன் ஷிப்ட் முடிந்து வரும் வழியிலேயே சட்டையைப் பிடித்தான்.

"எம் மேலயா சந்தேகப்படற? நீ ஊத்தற ஒரு டம்ளருக்கே வூட்டுல ஆயிரம் பொய் சொல்லிகினு இருக்கேன். அம்மா மேல சத்தியம், நான் தொடல."

"அப்ப யாருடா?"

"கோழிக்கூண்டுல வெச்சா எவன் வேணா எடுப்பான். உள்ளார மாத்து."

மாற்றினான். அங்கேதான் பிடித்தது சனி. பலா ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்வாசலில் நுழையும்போது விஜயலட்சுமி எதிரே வந்து நின்றாள். அவன் ஜாடியோடு அப்படியே திரும்பி வெளியே நடக்கப் பார்த்தான்.

"என்னாங்க அது?"

"சர்... சர்பத்து. தேன் சர்பத்து. பழம் போட்டு ஊற வெச்சிருக்கேன். உடம்புக்கு நல்லதுன்னு சொன்னாங்க."

"கோழிக்கூண்டுலயா ஊற வெச்சிகினு இருந்தீங்க? வெயில்ல கெட்டுப்போயிடாதா? ஸ்டோர் ரூம்ல வைங்க, குளுகுளுன்னு இருக்கும்." கொஞ்ச தூரம் போனவள் திரும்பிப் பார்த்தாள். "பலாவுக்கு ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடுங்க, நல்லாருக்கும்."

என்ன நல்ல மனசு! மணிமாறனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்கிறோமே என்று ராத்திரி முழுக்கப் புரண்டான். காலையில் எழுந்ததும் ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டான்.

ஆனால் ஜாடிகள் முன்னைவிட வேகமாக இறங்கின. வீட்டுக்குள் திருடன் வர வழியில்லை. அப்படியானால் ஆவியாகத்தான் போகிறது, நெய்வேலி வெயில் லேசுப்பட்டதா என்று முடிவுகட்டி, பிளம்பர் டேப்பைச் சுற்றி மூடிகளை இறுக்கித் திருகினான். இஞ்சி இன்னும் நொதித்து முடியவில்லை என்பது அவசரத்தில் மறந்துபோயிற்று.

அது வெடித்த நேரத்தைப் பாருங்கள்: செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வீட்டு ஹாலில் மது ஒழிப்பு மகளிர் மன்றத்தின் கூட்டம். மன்றத்துக்குச் செயலாளர் விஜயலட்சுமி. தலைவர், ரிட்டையர்டான பெரியநாயகி டீச்சர். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பிராந்திக் கடையை மூடச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்தவர். ஆரம்பத்தில் இந்த மன்றத்துக்கு ஆளே வராது. இப்போது என்னடாவென்றால் பக்கத்து பிளாக்கிலிருந்தெல்லாம் பெண்கள் வந்து சேர்கிறார்கள். மாதம் ஒரு கூட்டம் என்று இருந்தது வாரம் ஒன்றாயிற்று. கூட்டம் முடிகிற நேரத்தில் உள்ளே ஒரே சிரிப்பு, கும்மிப்பாட்டு. தன் மனைவிக்கு இவ்வளவு பேச்சுத் திறமையா என்று மணிமாறன் வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தபடி வியந்துகொள்வான்.

'டமார்' என்று ஸ்டோர் ரூமில் சத்தம் கேட்டது. ஹாலில் பாட்டு நின்றது. டீச்சர் வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன தம்பி சத்தம்?"

"மைன்ஸ்ல வெடி வெக்கிறாங்க டீச்சர்."

"அது மத்தியானத்துல இல்ல வெப்பாங்க?"

"இது... ஓவர்டைம் வெடி டீச்சர்."

டீச்சர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்றைக்கு இஞ்சி ஜாடி போயிற்று. மிச்சம் மூன்றையும் பாட்டில்களில் ஊற்றி லாஃப்டில் ஏற்றினான். மூன்றாவது ஜாடி முடியும்போது விஜயலட்சுமி வந்து இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"ஊறிடுச்சாங்க? நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கெழம கம்யூனிட்டி ஹால்ல மன்றத்தோட ஆண்டு விழா. 'சாராயத்துக்குப் பதில் சத்தான பானம்'னு போட்டி வெச்சிருக்கோம். நம்ம சர்பத்தத்தான் வெக்கப்போறேன்."

"எ... எது? இதுவா? இது இன்னும் ஊறணும் விஜயா! வயித்தால போவும்!"

"டீச்சர்தான் ஜட்ஜு. அவங்க குடிச்சிப் பாத்துச் சொல்லட்டும். ஒண்ணு ரெண்டு பத்தாது, எல்லாருக்கும் ஆளுக்கொரு டம்ளராவது வேணும். மொத்தத்தையும் எடுத்துக்கறேன்."

மணிமாறனுக்கு அப்புறம் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் உட்கார்ந்தான். டீச்சர் ஒரு வாய் குடித்தால் போதும், மேடையிலேயே மானம் போய்விடும். மது ஒழிப்புச் செயலாளர் வீட்டில் மது! அவள் தலை குனிந்து மேடையிலிருந்து இறங்கி நேராகக் குறிஞ்சிப்பாடி பஸ்ஸில் ஏறுவதை அவன் கண்ணால் பார்த்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை, "நீ முன்னால போ விஜயா, பாட்டில நான் கொண்டாரேன்" என்று அவளை அனுப்பிவிட்டுத் தங்கராசுவைக் கூப்பிட்டான். இருவரும் ஒரு காலி தண்ணீர் கேனில் தேறல் மொத்தத்தையும் ஊற்றினார்கள். பலாவும் முந்திரியும் வெறும் தேனும் ஒன்றாகக் கலக்கும்போது தங்கராசு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜூஸ் கடையில் சர்பத் வாங்கி, பாட்டில்களில் நிரப்பினார்கள். நேரமாகிவிட்டதால் முதலில் பாட்டில் கூடையை ஹாலில் வைத்துவிட்டு, அப்புறம் கேனைத் தங்கராசு வீட்டில் ஒளித்து வைப்பதென்று திட்டம்.

இருவரும் ஹால் கேட்டில் டிவிஎஸ் வண்டியை நிறுத்தினால், எதிரே பெரியநாயகி டீச்சர் நிற்கிறார்.

"அடடே, தண்ணி கேனா! நானே தண்ணி பத்தாதேன்னு பாத்துகினு இருந்தேன். மேடைக்குத் தூக்கிகினு வாங்க தம்பி."

"ஐயோ, வேணாம் டீச்சர்! இதுல... இதுல பல்லி வுழுந்துடுச்சி!"

"பல்லியா!" டீச்சர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்றார். "அப்ப அத ஏன்யா தூக்கிகினு அலையற? ஏதாவது கொழந்த குடிச்சித் தொலைக்கப் போவுது. அந்த வேப்பமரத்துல ஊத்து. நான் பாத்துட்டுதான் போவேன்."

"வூட்டுல போயி ஊத்திடறேன் டீச்சர்."

"இங்கியே ஊத்து!"

தங்கராசு காதருகில் வந்து கிசுகிசுத்தான். "ண்ணா, வேணாம்ணா. உண்மையச் சொல்லிடு. ஒரு சொட்டு கெடைக்காதுண்ணா அப்புறம்."

மணிமாறன் ஹால் பக்கம் பார்த்தான். விஜயலட்சுமி புதுப் புடவையில் மேடையில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இவள் போய்விட்டால் எனக்கு எந்தத் தேறலும் தொண்டையில் இறங்காது என்று நினைத்துக்கொண்டான். கேனைச் சாய்த்தான். குபுகுபுவென்று வேப்பமரத்தடியில் இறங்கியது. பலா வாசனை கும்மென்று எழுந்தது. டீச்சர் மூக்கைப் பொத்தியிருந்தது நல்லதாயிற்று. கேன் காலியாகும்போது தங்கராசு பெற்றவளைப் பறிகொடுத்தவனைப் போல விம்மினான். மணிமாறன் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான்.

ஆனால் உள்ளே போய் உட்கார்ந்தபோது, எத்தனையோ நாளுக்குப் பிறகு அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். முன்வரிசையில் அவனுக்குக் கயிறு கட்டிய பூசாரியே சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தார். மணிமாறன் அவருக்குத் தைரியமாக ஒரு கும்பிடு போட்டான். இனி என்ன பயம்? பாட்டிலில் சர்பத், கையில் கயிறு, மேடையில் மனைவி.

போட்டி ஆரம்பமாயிற்று. ஹால் நிறையப் பெண்கள் கையில் டம்ளரோடு எம்பி எம்பிப் பார்த்தார்கள். விஜயலட்சுமி பெருமையாகப் பாட்டிலைத் திறந்து டீச்சருக்கு ஊற்றினாள். டீச்சர் ஒரு வாய் குடித்தார். டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். இரண்டாவது பாட்டிலில் ஒரு வாய் குடித்தார். மூன்றாவதை முகர்ந்ததோடு சரி. பிறகு, எதிரில் மைக் இருப்பதையே மறந்து விஜயலட்சுமி பக்கம் சாய்ந்தார்.

"என்னடி விஜயா, எல்லாம் வெறும் சர்பத்தா இருக்குது? செவ்வாக்கெழம கூட்டத்துல ஊத்துவியே, அது எங்கடி? இத்தினி பேரும் மன்றத்துல சேந்ததே அதுக்குத்தானே!"