மேனுகாவின் யானைப்பெட்டி

பெட்டி கத்தத் தொடங்கியபோது யானை அந்தப் பக்கமே இல்லை. எருமைதான் வந்தது. ஆனால் பெட்டி கத்திய கத்தலில் எருமை மிரண்டது, எருமையைப் பார்த்து மாடுகள் மிரண்டன. எல்லாமாகச் சேர்ந்து வேலியைப் பிய்த்துக்கொண்டு வட்டைக்குள் இறங்கி, கதிர் பால் பிடித்து நின்ற வயலை மிதித்து, வாய்க்காலைத் தாண்டி ஓடிப்போயின. யானை வந்திருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாகச் செய்திருக்காது.

மேனுகா கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி வரம்பில் நின்றாள். வீடியோவில் மாடுகளின் பின்புறம் மட்டும் பதிவாகியிருந்தது.

“ஆர்ர பெட்டி புள்ள இது?”

கேட்டவர் வட்டை விதானையார் சாமித்தம்பி. வட்டை என்ற அந்த வயல்வெளி முழுவதற்கும் தண்ணீர் திறப்பது, மாடு துரத்துவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பெட்டி யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் கேட்டால்தானே ஏசலாம்.

“என்ட பெட்டிதான் மாமா. யானை வந்தாச் சத்தம் போடும்.”

“யானை வந்திச்சா?”

“இல்ல.”

“சத்தம் போட்டிச்சா?”

“ஓம்.”

“அப்ப நீ படிச்சது என்ன படிப்பு?”

மேனுகா படித்தது பொறியியல். அவள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான். பட்டமளிப்புப் படம் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களுக்கு நடுவில் தொங்கியது. அம்மா சின்னத்தங்கம் வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினாள். சாமிகளைப் போலவே அந்தப் படத்திலிருந்தும் இதுவரை ஒன்றும் இறங்கி வரவில்லை.

போன இடமெல்லாம் அனுபவம் கேட்டார்கள். வேலை இருந்தால்தான் அனுபவம் வரும். அனுபவம் இருந்தால்தான் வேலை தருவார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவனைப் பிடித்துக் காட்டோரம் கட்டிவைக்க வேண்டும், யானை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று மேனுகா அடிக்கடி நினைப்பாள்.

கடைசியில் கொழும்பில் ஒரு கொம்பனி மட்டும் ‘சூம்’ நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. திரையில் வந்தவர் தனோஜன். நீலச் சட்டை, பின்னால் வெள்ளைச் சுவர்.

“சேர்ட்டிபிக்கேட் எல்லாரிட்டையும் இருக்கு மிஸ் மேனுகா. நாங்க அதைப் பார்க்கிறதில்லை. நீங்க சொந்தமாச் செய்த வேலையைக் காட்டுங்க. நல்ல போர்ட்ஃபோலியோ புரொஜெக்ட் ஒண்டு. உங்கட ஊர்ப் பிரச்சினையைத் தீர்க்கிற மாதிரி.”

“செய்தாக் கட்டாயம் வேலை கிடைக்குமா சேர்?”

“அடுத்த ரவுண்ட் கட்டாயம் கிடைக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “நல்லாச் செய்யுங்க. எனக்கும் இது முக்கியம்” என்றார்.

தன் எதிர்காலத்தில் ஒருவருக்காவது அக்கறை இருக்கிறதே என்று மேனுகா திரையைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அப்படிப் பிறந்ததுதான் யானைப்பெட்டி. காட்டோரம் மண்ணுக்குள் ஒரு கருவி. யானையின் அடி அதிர்ந்தால் பெட்டி சைரன் ஊதும், கைப்பேசிக்கும் செய்தி வரும். பெட்டி வேலை செய்வதை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதற்கு யானை வர வேண்டும். யானை வரக்கூடாது என்று வட்டை முழுவதும் நேர்த்தி வைத்திருந்தது. வா வா என்று வரம்பில் காத்திருந்தது மேனுகா ஒருத்திதான்.

சைரனுக்கு மாடு மிரள்கிறது என்று தெரிந்ததும் அதை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்தாள். எருமையை எருமை என்று பெட்டிக்குப் புரியவைக்கவும் முயன்றாள். குரல் வேலை முடிந்தது. எருமை வேலை முடியவில்லை. மறுநாள் இருட்டத் தொடங்குகிற மம்மல் பொழுதில் எருமை வந்தது, பெட்டி பேசியது.

“யானை வருது! யானை வருது! யானை வருது!”

வயலில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். விதானையார் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“அறிவிரிக்கா புள்ள உனக்கு? மம்மல் நேரத்தில வட்டைக்குள்ள நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுறதா? அதுவும் மூணுதரம்?”

அதை மேனுகா மறந்தே போயிருந்தாள். வட்டைக்குள் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. புருசன் பெயரைச் சொல்லாத பெண்களைப் போல ‘அவர்’ என்றுதான் சொல்வார்கள். அவர் நேற்று வந்தார், அவர் வாழையைச் சாப்பிட்டார். பெயரைச் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்துவிடுவாராம்.

“யானைக்கு எப்பிடி மாமா தமிழ் விளங்கும்?”

“உன்ட பெட்டிக்கு எருமையை விளங்கல்ல. நீ யானையைப் பத்திக் கதைக்கிறாய்!”

கோபத்தில் அவரும் பெயரைச் சொல்லிவிட்டார். உடனே வாயில் அடித்துக்கொண்டார். அந்தக் குற்றமும் மேனுகாவின் கணக்கில் சேர்ந்தது.

சைரனும் கூடாது, பேச்சும் கூடாது. மாடு மிரளாத, மனிதர் கோபிக்காத, தூரத்துக்கும் கேட்கிற சத்தம் எது? யோசித்து யோசித்து உடுக்கைக் கண்டுபிடித்தாள். அம்மன் கோயில் சடங்கில் பிடித்த பழைய வீடியோ ஒன்றிலிருந்து உடுக்கொலியை வெட்டி எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். ஊருக்குப் பழகிய சத்தம், மங்கலமான சத்தம். ஒரு பொறியியலாளர் இப்படித்தான் சூழலை அறிந்து வேலை செய்ய வேண்டும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. வைகாசிச் சடங்கில் உடுக்குச் சத்தம் கேட்டதும் முதலில் தெய்வம் ஏறுவது அவளுடைய அம்மாவுக்குத்தான்.

அன்று பின்நேரம் சின்னத்தங்கம் மகளுக்குத் தேத்தண்ணீர் கொண்டு வரம்பால் வந்துகொண்டிருந்தாள். எருமையும் வந்துகொண்டிருந்தது. உடுக்கு முழங்கியது. தேத்தண்ணீர்ப் போத்தல் பறந்தது. கொண்டை அவிழ்ந்தது. வாய்க்காலில் இறங்கி முழங்காலளவு தண்ணீரில் சின்னத்தங்கம் ஆடத் தொடங்கினாள்.

“பெட்டியை நிப்பாட்டு புள்ள!” அப்பா நல்லரத்தினம் கத்தினார்.

பெட்டியைக் கைப்பேசியால்தான் நிறுத்தலாம். கைப்பேசி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தது. வீடியோவை நிறுத்தினால்தான் பெட்டியை நிறுத்தலாம். இத்தனை நாளில் பெட்டி இவ்வளவு தெளிவாகச் சத்தம் போட்டது இதுதான் முதல்முறை. அம்மாவா, போர்ட்ஃபோலியோவா?

மேனுகா தொடர்ந்து வீடியோ எடுத்தாள்.

விதானையார் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றார். “என்ன தாயே குறை? சொல்லு.”

“வடக்கால ஒரு பெட்டி நிக்குது!” சின்னத்தங்கம் உறுமினாள். “தூக்கு அதை!”

அம்மனே சொல்லிவிட்டாள். இனிக் கதையில்லை. வரும் மூன்றாவது வெள்ளிக்கிழமைக்குள் பெட்டி வட்டையை விட்டுப் போக வேண்டும் என்று விதானையார் தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்த சின்னத்தங்கத்துக்கு ஒன்றும் நினைவில்லை.

“நானா சொன்னன்? நான் பெத்த புள்ளட பெட்டியை நான் ஏன் மனே தூக்கச் சொல்லுறன்?”

“உள்ளுக்குள்ள கிடந்தது வெளிய வந்திரிக்கும்” என்றார் நல்லரத்தினம்.

அந்த வீடியோவைத் தனோஜன் மூன்று தரம் பார்த்தார்.

“வாவ்! யூசர் என்கேஜ்மென்ட் இவ்வளவு ஸ்ட்ரோங்கா நான் பார்த்ததே இல்லை.”

“அது என்ட அம்மா சேர்.”

“குட், குட். இப்ப அடுத்த ரவுண்ட். ஒரு கற்பனை வைப்பம். ஒரு ஹோட்டல். அங்க நீச்சல் குளம். யானை ஒவ்வொரு நாளும் வந்து அந்தக் குளத்துத் தண்ணியைக் குடிக்குது. உடுக்குச் சரிவராது, வெள்ளைக்காரர் பயப்படுவினம். லைட் மட்டும் எரியோணும். எப்பிடிச் செய்வீங்க?”

கற்பனை யானைக்கு மேனுகா லைட் போட்டாள். பிறகு ஒரு கற்பனைச் சோளத் தோட்டம் வந்தது, பிறகு மதில் உடைந்த ஒரு கற்பனைப் பள்ளிக்கூடம். எப்படிப் பூட்டுவது, எப்படித் திருத்துவது என்று தமிழிலும் சிங்களத்திலும் விளக்கம் எழுதச் சொன்னார் தனோஜன். அதையும் எழுதி, பெட்டியின் வரைபடங்களோடு சேர்த்து அனுப்பினாள். எருமையைப் பிரித்தறியாவிட்டால் அடுத்த ரவுண்ட் இல்லை என்றார். மேனுகா சாப்பாட்டை மறந்து, நித்திரையை மறந்து, எருமைகளின் பின்னால் ஒரு கிழமை நடந்து, அவற்றின் அடியை ஒவ்வொன்றாகப் பதிந்து பெட்டிக்குக் கற்பித்தாள். எருமை போனது. பெட்டி வாயைத் திறக்கவில்லை. வரம்பில் தனியே இருந்து அழுதாள். சந்தோசத்தில்தான் அழுதாள். பார்த்தவர்கள் அப்படி நினைக்கவில்லை.

இதற்கிடையில் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் கணினி வேலைக்கு ஆள் கேட்டார்கள். கூடப் படித்த டினோஷா அங்கேதான் இருந்தாள்.

“வாகா, ரெண்டு பேரும் ஒண்டா இரிப்பம். பில் அடிக்கிற வேலைதான். ஆனா மாசம் முடியச் சம்பளம் வரும்.”

“நான் பைனல் ரவுண்ட்ல நிக்கிறன்கா. பில் அடிக்கவா நாலு வருசம் படிச்ச?”

“நானும் உன்னோடதானே படிச்ச” என்றாள் டினோஷா. அதற்குப் பிறகு அவள் போன் எடுக்கவில்லை.

வியாழக்கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் அழைத்தாள். செவ்வாய்க்கிழமை இறுதி நேர்முகம், நேரில் வர வேண்டும், பெட்டியை வெள்ளிக்கிழமையே கூரியரில் அனுப்ப வேண்டும். பெட்டியைத் தூக்க விதானையார் கொடுத்த தவணையும் வெள்ளிதான். அம்மனும் கொம்பனியும் ஒரே நாளைக் குறித்துவிட்டார்கள் என்று வீடே மகிழ்ந்தது. பெட்டி போனது.

பெட்டி நின்ற நாட்களில் நல்லரத்தினம் பரணில் காவலிருப்பதை விட்டிருந்தார். மகள் செய்த பெட்டி நிற்கும்போது தான் பரணில் இருந்தால் மகளுக்கு மரியாதைக் குறைவாம். யானை வெடியையும் பக்கத்து வயல்காரனுக்குக் கொடுத்துவிட்டார். பெட்டி போன பிறகு, சரிந்து கிடந்த பரணைத் திருத்தி, திங்கள் பின்நேரம் பரணுக்குத் திரும்பத்தான் இருந்தார். ஆனால் அன்று பின்நேரம்தான் மேனுகாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பாலம் கடந்து, டவுனில் கொழும்பு பஸ்ஸில் விட வேண்டியிருந்தது.

“வெற்றியோட வா” என்றார், யன்னலுக்கு வெளியே நின்று. அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. யாரோ பேசக் கேட்டிருக்க வேண்டும்.

காலையில் கொழும்பில், வெள்ளவத்தையில் இறங்கியதும் அம்மா அழைத்தாள்.

“மனே, சாப்பிட்டியா?”

“ஓம். என்னம்மா குரல் ஒரு மாதிரி?”

“ஒண்டுமில்ல. நீ நல்லாக் கதைச்சிட்டு வா.”

“அம்மா.”

“நேத்து மம்மலில அவர் வந்திட்டார்.”

“எவ்வளவு?”

“முழுக்க. அப்பா வரம்பில இரிக்கிறார். எழும்ப மாட்டன் எண்டுறார். நீ யோசியாத. உனக்கு வேலை கிடைச்சா அதுவே காணும்.”

மேனுகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு புடவைக்கடைக்கு மேலிருந்த அந்த அலுவலகத்துக்குப் படியேறினாள். இனி இந்த வேலையை வாங்காமல் ஊருக்குப் போக முடியாது. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறதென்றால் கையில் நியமனக் கடிதம் இருக்க வேண்டும்.

தனோஜன் நேரிலும் நீலச் சட்டைதான். திரையில் தெரிந்ததைவிட மெலிந்திருந்தார்.

“எக்ஸலன்ட் மிஸ் மேனுகா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. இன்னும் ஒரே ஒரு ரவுண்ட். கற்பனைக்கு ஒரு ரயில் பாதை…”

“எனக்கு எப்ப சேர் நியமனம்?”

“புரொசெஸ் ஒண்டு இருக்கு.”

“எங்கட வயல் போயிட்டுது சேர்.”

தனோஜன் மேசையைப் பார்த்தார். “ரயில் பாதையை வெள்ளிக்கு முன்னம் அனுப்பினீங்களெண்டா நல்லம்” என்றார் மெதுவாக.

மேனுகா வெளியே வந்தாள். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தலைநிமிர்ந்து ஆங்கிலத்தில் விடை சொன்னாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஷஸ்னா என்றிருந்தது. வியாழக்கிழமை ஆங்கிலம் பேசிய குரல்.

மேசைக்குப் பின்னால், உள்ளே போகும்போது அவள் கண்ணில் படாத பெட்டிகள் அடுக்கியிருந்தன. யானைப்பெட்டிகள். அவளுடைய மூடி, அவளுடைய லைட், அவள் எழுதிய தமிழ் விளக்கம். மேலே கொம்பனியின் பெயர். ஒன்றில் ஏதோ ஹோட்டலின் முகவரி ஒட்டியிருந்தது. அடுத்ததில் ஒரு பள்ளிக்கூடத்தின் முகவரி.

மேனுகா பெட்டிகளைச் சுட்டிக் கத்தினாள்.

“கற்பனை எண்டல்லவா சொன்ன! இதெல்லாம் என்ட பெட்டி!”

“மெதுவாக் கதைங்க அக்கா” என்றாள் ஷஸ்னா. ஆங்கிலம் போய்விட்டது. “நானும் உங்கட மட்டக்களப்புப் பக்கம்தான். ஏறாவூர்.”

“மெதுவாக் கதைக்க ஏலாது! எங்கட அப்பா வரம்பில இரிந்து அழுறார். நான் ஓசியில பெட்டி செய்து குடுக்க, உள்ளுக்க இரிக்கிற அந்த மனிசன் மாசாமாசம் சம்பளம் எடுக்கிறானா? விடுங்க, நான் போய் அவன்ட முகத்துக்கு நேர கேக்கிறன்!”

ஷஸ்னா எழுந்து அவள் கையைப் பிடித்தாள். உள்ளறைக் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“அவருக்கு எங்க சம்பளம்? அவரும் இன்டர்வியூவுக்கு வந்தவர்தான் அக்கா, இது மூணாம் வருசம். அவருக்குக் குடுத்த புரொஜெக்ட்தான் நீங்க.”