சமபாகம் அண்ணன் கேட்ட கல்யாண நாள்

கோலார் தங்க வயலில் தங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. சமபாகம் அண்ணனிடம் சாத்துக்குடிப் பாடம் கேட்காமல் தப்பித்தவர்கள் அதைவிடக் குறைவு.

நந்திதுர்க் சுரங்கத்தில் அவரும் நானும் ஒரே ஷிப்ட். அறுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. வடையை இரண்டாகப் பிட்டால், இரு கையிலும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒரு துண்டை நீட்டுவார். பெயர் அப்படித்தான் வந்தது. பௌத்தத்துக்கு மாறிய குடும்பம். ராகுகாலம், முகூர்த்தம் எதையும் மதிக்காத மனிதர், வருஷத்தில் இரண்டு நாட்களை மட்டும் தனியாகக் கொண்டாடினார். மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று. பகலும் இரவும் சரிசமமாக இருக்கும் நாட்கள். பௌத்த சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் யாரோ சொல்லிக்கொடுத்ததாம். நாளெல்லாம் பூமிக்கு அடியில் இருட்டில் கிடப்பவருக்கு அது பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. சுரங்கத்துக்குள் இறக்கும் கூண்டான கேஜுக்கு வரிசையில் நிற்பவர்களைப் பிடித்துக்கொண்டு, சாத்துக்குடியைப் பூமியாக்கிப் பாடம் நடத்துவார். அங்கிருந்து யாராலும் ஓட முடியாது.

தாயில்லாமல் அவர் வளர்த்த ஒரே மகள் கௌதமி. ராபர்ட்சன்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாளின் மகனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும்தான். அவர்கள் இந்துக்கள், அந்த அம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாம் கூடிவந்த நேரத்தில் அண்ணன் தேதி சொன்னார். செப்டம்பரில் வரும் அந்த நாள்.

அது புரட்டாசி. புரட்டாசியில் யாராவது கல்யாணம் வைப்பார்களா? இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பிவிட்டார். கௌதமி சாப்பாட்டைத் தொடவில்லை. தேதியை மாற்றித் தொலையுங்கள் என்று நான் கத்தினேன். அவர் ஒரு சாத்துக்குடியைக் கம்பியில் குத்திக்கொண்டு கிளம்பினார். டார்ச் பிடிக்க நானும் போனேன்.

கடை மூடியிருந்த மத்தியான வேளை. ஜன்னலைச் சாத்தச் சொன்னார். டார்ச் பிடித்த நான்தான் சூரியன். பூமி எப்போதும் சாய்ந்தபடியே சுற்றுகிறது என்று கம்பியைச் சாய்த்துக் காட்டினார். மேல்முனை வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் நமக்குப் பகல் நீளம், விலகியிருந்தால் இரவு நீளம். நடுவில் இரண்டு நாள், சாய்வு அப்படியே இருந்தாலும், எந்த முனையும் சூரியனை நோக்கியும் இல்லை, விலகியும் இல்லை. பழத்தை அப்படி வைத்து உருட்டினார். எந்த ஊரும் பாதிச் சுற்று வெளிச்சத்தில், பாதிச் சுற்று இருட்டில். சாறு சொட்டி அந்த அம்மாளின் பாய் பிசுபிசுத்துப் போனது.

“அதுக்கும் கண்ணாலத்துக்கும் இன்னா?” என்றார் அந்த அம்மாள்.

“பொண்ணு வூடுன்னா எறங்கி நிக்கணும், மாப்ள வூடுன்னா ஏறி நிக்கலாம்னு வெச்சிருக்காங்க. அன்னிக்கி ஒரு நாளாவது ரெண்டு வூடும் சரிசமமா இருக்கட்டுங்கம்மா.”

“வருசத்துல ரெண்டே நாளு. மீதி நாளெல்லாம் உங்க பொண்ணு என் வூட்லதான இருக்கப் போவுது?”

அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பழத்தைக் கீழே வைத்தார்.

“ஆமாங்கம்மா. மீதி நாளெல்லாம் உங்க கையிலதான். அதான், ஆரம்பமாவது சரியா இருக்கட்டும்னு கேக்கறேன்.”

அந்த அம்மாள் பாயிலிருந்து எழுந்தார். ஜன்னலைத் திறந்தார். அதே தேதிக்குச் சம்மதித்தவர், ஊர் வாயைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

வேறெங்கும் கல்யாணம் இல்லாத மாதம் என்பதால் ஊரே வந்துவிட்டது. புரட்டாசியா என்று வாயில் அடித்துக்கொண்டவர்கள்தான் முதலில் வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முதல் பந்தியில் உட்கார, பெண்ணைப் பெற்றவர் கடைசியில் சாப்பிடுவதுதான் வழக்கம். அண்ணனும் தண்ணீர்ச் செம்போடு ஓரமாக நின்றார். அந்த அம்மாள் தன் பக்கத்து இலையைக் காட்டினார்.

“உக்காருங்க சம்பந்தி. நீங்க உக்காந்தாதான் நான் கை வெப்பேன்.”

உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் இலைமுன் குனிந்து அழுதார். பாயசம் பரிமாறியது நான்தான். ஆளுக்கு ஒரு கரண்டி என்று ஊற்றிக்கொண்டே அவர் இலைக்கு வந்தேன். அன்றைக்கு அவருக்கு மட்டும் அளவு பார்க்க எனக்கு மனம் வரவில்லை.