பளபளா அண்ணனும் குடைத்துணிக் காக்காவும்

மதுரையில் வெயிலைத் திட்டாத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் வில்லாபுரம் தெருவில், எனக்குப் பக்கத்து வீட்டில் இருக்கிறார். சித்திரை மாதம் ஊரே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு புலம்பும்போது, அவர் மட்டும் மொட்டைமாடியில் நின்று வானத்தை அண்ணாந்து பார்ப்பார். "பத்தாது மாப்ள, இன்னுங் கொஞ்சம் அடிக்கலாம்" என்பார்.

அவர்தான் பளபளா அண்ணன். சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். தெருவில் அது யாருக்கும் தேவைப்பட்டதில்லை. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு மாடியில் சோலார் பேனல் போட்டார். மறுநாள் காலை துடைக்க ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை.

"முப்பது வருசத்துல ஒரு காப்பி டம்ளரக் கழுவி வச்ச மனுசன் இல்ல தம்பி இது" என்று அவர் மனைவி என்னிடம் அங்கலாய்ப்பார். "இப்பப் பாருங்க, விடியுமுன்ன எந்திரிச்சு மேல போயிருது."

பளபளா என்று பெயர் வைத்தவர் அண்ணன் வீட்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், பத்மா அக்காவின் கணவர். சௌராஷ்டிராக்காரர். ஜவுளிக்கடையில் பட்டுச் சேலை எடுத்துப் போடுகிற வேலை. ஆள் பெரிய கிண்டல் பேர்வழி. ஒருநாள் தன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, முகூர்த்தப் பட்டு கணக்கா பளபளன்னு வச்சிருக்கீங்க! அப்பிடியே முந்தானைய விரிச்சுக் காட்டுங்க, வெல சொல்றேன்" என்றார். அன்று ஒட்டிய பெயர்தான். அதன் பிறகு தினமும் காலையில் இரண்டு மாடிக்கும் நடுவே பேச்சு பறக்கும். எனக்கு அலாரமே தேவைப்பட்டதில்லை.

பேனல் கழுவுவதற்கு அண்ணன் வைத்திருந்த சட்டதிட்டங்கள் எந்தக் கோயில் அபிஷேகத்துக்கும் கிடையாது. வெயில் ஏறுவதற்கு முன்னால் கழுவ வேண்டும். சோப்புத் தூள் ஆகாது. பழைய பருத்தி வேட்டியைச் சுற்றிய நீளக் குச்சிதான் மாப்பு. எங்கள் பகுதி போர் தண்ணீரில் உப்பு அதிகம். காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதனால் குடிதண்ணீர் கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியேறுவார்.

"மனுசங்க சோத்துக்கு உப்புத் தண்ணி, மாடில இருக்குறதுக்கு கேன் தண்ணியா?" என்று கீழிருந்து மனைவியின் குரல் வரும்.

"சோத்துக்கு எப்பிடியும் உப்புப் போடணும்ல?" என்பார் அண்ணன்.

மின்சாரம் எவ்வளவு உற்பத்தியாகிறது என்று காட்டுகிற ஆப் ஒன்று அவர் செல்போனில் உண்டு. மற்றவர்கள் பேரப்பிள்ளை படத்தைக் காட்டுவது போல அவர் அதை டீக்கடையில் காட்டுவார். அவனியாபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் ரசத்தோடு கையை நிறுத்திவிட்டார். போனையே பார்க்கிறார். "கோடு கீழ எறங்குது மாப்ள. மேகமா இருக்காது. எதுவோ வந்து விழுந்துருக்கு." மோர் வரும் வரைகூட இருக்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால், யாரோ காயப்போட்ட போர்வை பறந்து வந்து பேனலின் மேல் படுத்திருந்தது.

நானும் அவரைப் பார்த்துத்தான் பேனல் போட்டேன். அது நான் செய்த தவறு. ஒரு மத்தியானம் திடீரென்று எனக்குப் பொறுப்பு வந்து, ஹோஸ் பைப்பைப் பிடித்துக் கழுவ ஆரம்பித்தேன். "டேய் மாப்ள, நிறுத்துறா!" என்று ஓர் அலறல். செருப்புகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்து என் வீட்டு மோட்டாரை நிறுத்திவிட்டார். "கொதிக்கிற தோசக்கல்லுல தெளிக்கிற மாதிரி தெளிக்கிறியே, கண்ணாடி விரிசல் விட்டா என்னடா பண்ணுவ?" இன்னொரு நாள் என் மனைவி, சூடாகத்தானே இருக்கிறது என்று பேனலின் மேல் கூழ் வத்தல் பிழிந்துவிட்டாள். அண்ணன் வந்து பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "பக்குவம் நல்லாத்தான் இருக்கு. அதுக்காக இங்கிட்டா?" என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பத்மா அக்காவின் கணவர் இறந்துபோனார். காலையில் கடைக்குப் போனவர், அங்கேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். மாடிப் பேச்சு நின்றது. பேச்சுத்துணை இல்லாமல் போன அண்ணன், காக்காக்களோடு சண்டைக்குப் போனார். அவர் துடைத்து முடிக்கிற நேரம் பார்த்து அவை வந்து உட்கார்ந்து எச்சமிடும். பழைய சி.டி. கட்டித் தொங்கவிட்டார், காக்காக்கள் அதில் முகம் பார்த்தன. ஜிகினாத் தாள் கட்டினார், கூட்டுக்குக் கொண்டுபோயின. கடைசியில், கிழிந்த குடைத் துணியில் வைக்கோல் திணித்து, செத்த காக்கா ஒன்று செய்து கம்பியில் தலைகீழாகத் தொங்கவிட்டார். அரை மணி நேரத்தில் அவனியாபுரம் வரைக்கும் உள்ள காக்காக்கள் அத்தனையும் துக்கம் விசாரிக்க வந்துவிட்டன. அப்படி ஒரு கத்தல். அதோடு போனவைதான், எங்கள் தெருப் பக்கமே திரும்பவில்லை. அண்ணன் தெருவுக்கே டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த மாதம் பத்மா அக்கா வீட்டில் முதல் வருஷத் திதி. மகன் திதி கொடுத்து முடித்தான். அக்கா இலையில் சாதம், பருப்பு, வடை, பாயசம் எல்லாம் வைத்து மாடிச் சுவரில் காக்காவுக்கு வைத்தார். காக்கா எடுத்தால்தான் வீட்டில் சாப்பிடுவார்கள். பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒன்று ஆயிற்று, இரண்டும் ஆகிவிட்டது. ஒரு காக்காகூட இல்லை. அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நானும் பளபளா அண்ணனும் அவரவர் மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்சம் நெழலுக்குப் போம்மா" என்றார் அண்ணன்.

"அவருக்குக் கோவம் அண்ணே" என்றார் அக்கா. "அன்னைக்குக் காலையில சாம்பார்ல உப்பு இல்லன்னு சொன்னாரு. ஒருநாள் தின்னாத்தான் என்னான்னு எரிஞ்சு விழுந்தேன். ஒண்ணுஞ் சொல்லாமக் கடைக்குப் போனாரு. அம்புட்டுத்தான். அதான் இப்பவும் வர மாட்டேங்குறாரு."

அண்ணன் அதற்கு மேல் நிற்கவில்லை. நேரே போய்க் குடைத்துணிக் காக்காவை அவிழ்த்து மாடிப்படி அறைக்குள் வீசினார். சி.டி.க்களைப் பிய்த்தார். பிறகு சுவரருகே வந்து, "கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நாந்தான் வழிய அடைச்சு வச்சிருக்கேன். தப்பு என் மேல. எலைய இங்க குடு. இது ஒசரம், தூரத்துலருந்தே தெரியும்" என்றார்.

இலையை வாங்கி எங்கே வைத்தார் என்கிறீர்கள்? பேனலின் மேல். என் வீட்டு வத்தலுக்கு நெஞ்சைப் பிடித்த மனிதர், நெய்ச் சோற்றையும் பாயசத்தையும் அந்தக் கண்ணாடியின் மேல் வைத்தார். சரிந்துவிடாமல் இருக்க மாப்புக் குச்சியைக் குறுக்கே அணை கொடுத்தார். பிறகு, மேனேஜராக இருந்தபோது லாட்ஜ் வாசலில் நின்று ஆள் கூப்பிட்ட அதே குரலில் "கா... கா..." என்று கத்தினார். நானும் கத்தினேன்.

வெகுநேரம் கழித்து ஒற்றைக் காக்கா வந்து தண்ணீர்த் தொட்டியின் மேல் உட்கார்ந்தது. அப்படியும் இப்படியும் பார்த்தது. இறங்கி வந்து வடையைக் கொத்தியது.

"வடையத்தான் மொதல்ல எடுக்குறாரு" என்று அக்கா அழுதார். "உப்பு இருக்கான்னு பாக்குறாரு."

சாப்பிட்டு முடித்த காக்கா திரும்பி நின்று, பேனலின் நட்டநடுவில் எச்சமிட்டுவிட்டுப் பறந்து போனது. நானும் அக்காவும் பயத்தோடு அண்ணனைப் பார்த்தோம்.

"பாத்தியா? போறப்பவும் நம்மளக் கிண்டல் பண்ணிட்டுத்தான் போறாரு" என்றார் அண்ணன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டார். கீழே இலை போடச் சொன்னார்.

மறுநாள் விடிகாலையில் வழக்கம்போல மாடியில் தண்ணீர்ச் சத்தம். எட்டிப் பார்த்தேன். எல்லாப் பேனலும் கண்ணாடி போல மின்னியது. நடுவில் மட்டும் அந்த வெள்ளைக் கறை அப்படியே இருந்தது.

"அண்ணே, அங்கிட்டு ஒரு எடம் விட்டுப்போச்சு."

"தெரியும் மாப்ள" என்றார் அண்ணன், மாப்பைப் பிழிந்துகொண்டே. "தானா மழையில போறப்பப் போகட்டும்."

அந்த வருஷம் மதுரைக்கு மழை ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதுவரை தினமும் அவர் அந்த ஓர் இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள்ளட்டும், எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும்.