பங்கஜத்துக்குப் பாதி மாத்திரை

மந்தைவெளி,
செவ்வாய்க்கிழமை காலை.

மதிப்புக்குரிய மச்சான் கோமதிநாயகம் அவர்களுக்கு, அய்யாதுரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் மட்டும் இருக்கிறேன். அடையாற்றில் நீங்களும் அக்காவும் ஒரே வீட்டில் இருப்பதால் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உங்கள் தங்கை பங்கஜத்தை என் மகன் அஸ்வத் திருவான்மியூருக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அனுப்ப மறுக்கிறான். நீங்களும் அவன் பக்கம் பேசுகிறீர்கள். என் பக்கத்தை யாரும் கேட்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தி.நகர் ஜவுளிக்கடையை அஸ்வத்திடம் கொடுத்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாளெல்லாம் நின்றே பழகியவனுக்குச் சும்மா படுக்கத் தெரியவில்லை. டாக்டர் ஒரு தூக்க மாத்திரை எழுதினார். “கொஞ்ச நாளைக்கு மட்டும் சார், அப்புறம் வந்து காட்டுங்க” என்றார். அடித்துப் போட்டாற்போல் தூங்கினேன். நன்றாக ஓடுகிற சரக்கை எந்த வியாபாரியாவது நிறுத்துவானா? நானும் நிறுத்தவில்லை, அவரிடம் போய்க் காட்டவும் இல்லை. மந்தைவெளி மருந்துக்கடையில், “சீட்டு பழசாயிடுச்சு சார், குடுக்க முடியாது” என்று சட்டம் பேசினார்கள். மயிலாப்பூரில் சட்டம் பேசாத கடை ஒன்று இருந்தது.

நான் கல்யாணமான நாளிலிருந்து எதையும் தனியாகச் சாப்பிட்டவன் அல்ல. போளியோ வடையோ, பிட்டுப் பாதியை அவளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் என் வாயில் போடுவேன். இது உங்களுக்கே தெரியும், உங்கள் வீட்டுப் பந்தியிலேயே என்னைக் கேலி செய்தவர் நீங்கள். அவளும் தூக்கம் வரவில்லை என்று புரண்டாள், மாத்திரையையும் பிட்டுக் கொடுத்தேன். “எனக்கு எதுக்கு? டாக்டர் உங்களுக்குல்லா எழுதியிருக்காரு” என்றாள். “எனக்குக் கேக்குற மருந்து உனக்குக் கேக்காதா? வாயைத் தொற” என்றேன். கேட்டது. நாளாக ஆகப் பாதி போதவில்லை, ஆளுக்கு ஒன்றாக்கினேன்.

அதன் பிறகு நடந்ததையெல்லாம் மாத்திரையின் தலையில் கட்டுகிறார்கள். மருமகள் சிந்துவின் வளைகாப்பில் பங்கஜம் வளையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மாள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாளாம். கூட்டத்தில் புழுக்கம், யாருக்குத்தான் கண் சொருகாது? பாயசத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாளாம். இரண்டும் வெள்ளையாகத்தானே இருக்கின்றன! நான் உங்கள் வீட்டுக்கு வரப் பஸ் ஏறித் தூங்கிப்போய்த் திருவான்மியூர் டெர்மினஸில் இறக்கிவிடப்பட்டேன். “யோவ் பெரியவரே, பஸ் டிப்போக்குப் போவுது, நீயும் வரியா?” என்று கண்டக்டர் எழுப்பினார். அதனால் என்ன, மகனைப் பார்த்துவிட்டு வந்தேன், லாபம்தானே!

பிறகு அவள் குளியலறையில் விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஈரத் தரை, மச்சான். ஆனால் ஆஸ்பத்திரியில் ஷ்ரேயா என்று ஒரு சின்னப் பெண், டாக்டராம், அவள் தரையைப் பற்றிக் கேட்கவே இல்லை. “அம்மாவுக்கு இந்த மாத்திரைய எழுதினது யாரு?” என்றாள். நான்தான் கொடுத்தேன் என்றேன். “நீங்க டாக்டரா?” என்றாள். “இந்த வயசுல தள்ளாட்டம் வரும், மறதி வரும். கீழே விழுந்ததுல தலையில அடிபட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? ரெண்டு பேரும் திடீர்னு நிறுத்தவும் கூடாது. உடம்பு பழகிடுச்சு. நாங்க சொல்றபடி மெல்ல மெல்லத்தான் குறைக்கணும்.” அன்பாகக் கொடுத்ததற்கு இத்தனை பேச்சு. அஸ்வத், “பிட்டுக் குடுக்க அது என்ன போளியாப்பா?” என்று நர்ஸ்கள் முன்னால் கத்தினான். கட்டுப் போட்ட கையோடு அவளைக் காரில் ஏற்றினான். அவள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு போனாள். நான் பார்க்கவில்லை.

இப்போது அவளுக்கு அங்கே மாத்திரையைக் குறைத்துவருகிறார்களாம். எனக்கு யாரும் எதையும் குறைக்க முடியாது. ஆனால் வீட்டில் சத்தமே இல்லை. காலையில் இட்லியைப் பிட்டுவிட்டு மறுபாதியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன். தப்பு செய்தவன் அனுபவிக்கட்டும் என்கிறீர்கள். நான் தப்பு செய்யவில்லை. எனவே வருகிற வெள்ளிக்கிழமை அவளை நீங்களே அழைத்துவந்து என்னிடம் விட வேண்டும். இல்லையென்றால் நான் சம்பந்தி வீட்டு வாசலில் போய் நின்று நியாயம் கேட்பேன்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்களுக்கும் ஆசி சொல்லியிருப்பேன், வயதில் மூத்தவராகப் போய்விட்டீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை கணவன்,
அய்யாதுரை

பின்குறிப்பு: இதை உறையில் போடுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், கண் சொருகிவிட்டது. பால் பொங்கித் தீ அணைந்து வீடெல்லாம் கேஸ் பரவியிருக்கிறது. வாட்ச்மேன் கபாலிதான் கதவை உடைத்து என்னை வெளியே இழுத்துப் போட்டான். “இன்னா பெர்சு, பட்டப்பகல்ல இப்டி தூங்கினு கீற? நாத்தம் ரோடு வரிக்கும் வந்துகினு கீது! அம்மா உள்ள கீதா?” என்றான். இல்லை என்றேன். “நல்ல வேள” என்றான்.

அடுப்பு பழசு. மாத்திரையைக் குற்றம் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வெள்ளிக்கிழமை பங்கஜத்தை அனுப்பாதீர்கள். அவளே கிளம்பினாலும் விடாதீர்கள். எப்படிக் குறைப்பது என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் நாளை நானே போய்க் கேட்டுக்கொள்கிறேன். கேஸ் விஷயம் மட்டும் பங்கஜத்தின் காதுக்குப் போகக்கூடாது. தெரிந்தால் கட்டுப் போட்ட கையோடு பஸ் ஏறி வந்து நிற்பாள்.