கொயில் அண்ணையின் முடியாத பெட்டி

செத்த கொயிலுக்கு உயிர் கொடுக்கத் தெரிந்த ஒரே மனிதர் இந்த ரொறன்ரோவில் எங்கள் கொயில் அண்ணைதான். பிக்கரிங்கில் நான் வேலை செய்யும் தளபாட வெயார்ஹவுஸில் பொதி கட்டுகிறவர். இயற்பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பிள்ளை அவரைக் கோயில் அண்ணை என்று நினைத்து, தேர் எப்போது என்று பயபக்தியோடு விசாரித்தது. அண்ணை தன் மின்சிகரெட்டை, அதுதான் வேப்பை, வாயிலிருந்து எடுத்து, "நான் கொயில், பிள்ளை. கோயில் இல்லை" என்றார். அந்த நேரம் பார்த்துத் தலையைச் சுற்றிப் பெரிய புகைமண்டலம் எழுந்ததால் பிள்ளை முழுதாக நம்பவில்லை.

சிகரெட்டை விடச்சொல்லி மனைவி கலா அக்கா ஒற்றைக்காலில் நின்றதால் அண்ணை வேப்புக்கு மாறினார். வேப்புக்குள் திரவம் ஊறின பஞ்சு வைத்த குட்டிக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கும். அதுதான் கொயில். அது சூடாகித்தான் புகை வரும். கொஞ்ச நாளில் பழுதாகிவிடும், எறிந்துவிட்டு வேறு போடவேண்டும். அக்கா ஒரு பெட்டி கொயில் வாங்கிக் கொடுத்து, இது முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று சத்தியம் வாங்கினார். அண்ணை சத்தியம் தவறாதவர். ஆகவே பழுதானதைத் திருத்தித் திரும்ப உள்ளே வைத்து, பெட்டியை முடியவே விடவில்லை. கோடை போய், பனி போய், மறு கோடையும் வந்தது. பெட்டி அப்படியே இருந்தது.

இடைவேளையில் பின்கதவடியில் நிற்போம். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுக் கண்ணை மூடி, கொயிலுக்கு என்ன நோய் என்று பார்ப்பார். கொறகொறவென்று சத்தம் வந்தால் சளி. புகை மெலிந்தால் இரத்தம் காணாது. திரவம் கறுத்தால் ஈரல். கருகின பருப்பு மணம் வந்தால்தான் முகம் வாடும். அது பஞ்சே எரிந்த கேஸ். மற்றவர்களும் தங்கள் வேப்புகளோடு அவர்முன் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள்.

வைத்தியம் எங்கள் சாப்பாட்டறையில் நடந்தது. கொயில்களை வினாகிரியில் ஊறவைத்து, சுடுதண்ணியில் அலசி, ஈரம் துளியும் இல்லாமல் காயவிடுவார். ஒருநாள் சுப்பவைசர் அம்மா அந்த வினாகிரியைத் தன் சலட்டில் ஊற்றிவிட்டார். முதல் வாய் வைக்குமுன் அண்ணை பாய்ந்து தட்டைப் பறித்தார். இலைகளுக்குள் விரல்விட்டுத் துழாவி, கொயிலை எடுத்துத் துடைத்து, பயப்பட வேண்டாம், இதற்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். அன்றோடு வைத்தியசாலை டோர்செட் பார்க்கில் உள்ள அவர் வீட்டுக்கு இடம்மாறியது.

அங்கே கொயில்களைத் தேத்தண்ணி வடியில் காயவைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒஷாவாவிலிருந்து மச்சாள் குடும்பம் வந்தது. தேத்தண்ணி வடிக்கப் போன அக்கா வடியைப் பார்த்தார்.

எல்லாரும் போனபிறகு அக்கா வடியிலும் பெட்டியிலும் இருந்த கொயில்களை மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக மணந்து பார்த்தார். இது கருகின பருப்பு, இதுவும் கருகின பருப்பு என்று குப்பைவாளிக்குள் போட்டார். அண்ணையின் புலம்பலைக் கேட்டுக் கேட்டே தொழிலைப் படித்திருந்தார். கடைசிக் கொயிலை மட்டும் நெடுநேரம் மணந்துவிட்டு அவர் கையில் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, இது ஒண்டு நல்லாத்தான் இருக்கு."

அண்ணை அதைப் போட்டு, பஞ்சில் திரவம் ஊறும்வரை காத்திருந்து, ஒரு இழுப்பு இழுத்தார். பிறகு கழற்றிக் குப்பைவாளிக்குள் போட்டார். இதுவும் பழுதாகிவிட்டது என்று அக்காவுக்குச் சொன்னார்.

மறுநாள் பின்கதவடிக்கு வெறுங்கையோடு வந்துதான் இந்தக் கதையைச் சொன்னார். உண்மையில் அது எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"புதுக் கொயில் மாதிரி, தம்பி. ஆனா அவள் நினைச்சிருந்தா அதையும் எறிஞ்சிருக்கலாம். மணந்து பாத்து, நியாயமாத் திருப்பித் தந்திட்டாள். பிறகு என்னெண்டு இழுக்கிறது?"

இப்போதும் இடைவேளைக்கு அண்ணை வெளியே வருகிறார். கை சும்மா இருக்காது என்பதால் கச்சான் கடலை கொறிக்கிறார். ஃபோர்க்லிஃப்ட் சத்தத்தைக் கேட்டு அதற்கும் சளி என்கிறார். நான் சிகரெட்டும் பிடிப்பதில்லை, வேப்பும் இழுப்பதில்லை. அவர் லீவில் நிற்கிற நாள்களில் நான் வெளியே போவதே இல்லை.