கோட்டை பார்க்க வந்தவர்கள்

வாகீசன் ஒதுங்கி நின்றால்தான் திரையில் யாழ்ப்பாணக் கோட்டை முழுதாகத் தெரியும். சபைக்கு அது பிடிக்கவில்லை.

"சேர், கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்கோ," என்றார் முன்வரிசைக் கனகலிங்கம்.

வந்தான். கோட்டை மதில் அவன் சட்டையில் விழுந்தது. கடல் அவன் கைகளில் அலைந்தது.

"ஐயா, இப்ப படம் மறையுதே?"

"படம் கிடக்கட்டும். நீங்கள் கதையுங்கோ."

பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கும் வாகீசனின் பேச்சுக்கு வழக்கமாக நாலு பேர் வருவார்கள். அதில் ஒருவர் நித்திரை கொள்வார். இன்றும் அப்படியென்றால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கனடாவில் இருக்கும் அண்ணையிடம் போய்விடுவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தான். பொம்பிளை பார்க்க மட்டும் கூப்பிட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். அம்மா நீலச் சட்டையைச் சுருக்கம் போக மினுக்கிக் கொடுத்தார்.

பண்டத்தரிப்பு வாசிகசாலை மண்டபமோ நிரம்பி வழிந்தது. பட்டுச்சேலைகள், மல்லிகை வாசம். கனவுக்குள் நின்று பேசுவதுபோல் இருந்தது.

"ஆங்கிலேயப் படை பருத்தித்துறையில் இறங்கிக் கோட்டையை நோக்கி நடந்தது. உள்ளே ஒல்லாந்தத் தளபதி..."

"எப்பிடி நடந்தவை? ஒருக்கா நடந்து காட்டுங்கோவன்," என்றார் பட்டுச்சேலை அம்மா ஒருவர்.

நடந்தான். வயர் தடக்கியது. புரொஜெக்டர் அணைந்து கோட்டை காணாமல் போனது.

"வயர் தடக்கினதோ, காலிலை ஏதும் நோவோ?"

"வயர்தான் அம்மா."

"அப்ப சரி."

படம் போனதால் குறிப்பைக் கையில் எடுத்தான்.

"கண்ணாடி இல்லாமல் வாசிப்பீங்களோ?" என்றார் கனகலிங்கம்.

"ஓம்."

சபை நிம்மதியாக மூச்சுவிட்டது.

கடைசி வரிசையில் பருத்திச்சேலை கட்டிய ஒருத்தி எழுந்தாள். "அந்தத் தளபதி ஏன் சண்டை பிடிக்காமல் கோட்டையை விட்டுக்குடுத்தவர்?"

"நீ சும்மா இரு பிள்ளை," என்று யாரோ அவளை அடக்கினார்கள்.

வாகீசன் குறிப்பை மறந்தான். "உதவிக்கு ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு விளங்கியிருக்கும். தனிய எவ்வளவு காலம் மதிலுக்குள்ளை இருக்கிறது?"

அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு என்ன பேசினான் என்று அவனுக்கே தெரியாது.

தேநீரும் பயத்தம் பணியாரமும் முடிந்து எல்லாரும் போன பிறகும் மல்லிகை வாசம் போகவில்லை. சபை இருந்த கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நூலகர் குணலட்சுமியிடம் சொன்னான்: "நான் கனடா போகேல்லை அக்கா. சரித்திரம் கேக்க இஞ்சை எவ்வளவு சனம்."

குணலட்சுமி கடைசிக் கதிரையை அடுக்கினாள்.

"சேர், சரித்திரம் கேக்க வந்தது அந்தப் பிள்ளை மட்டும்தான், மற்றதெல்லாம் அவளுக்கு மாப்பிளை பாக்க உங்கடை அம்மா வரச்சொன்ன சனம்."