தலையாட்டினால் போதும்

பெற்ற அப்பாவைப் பற்றி வெட்கப்பட்டவன் நான். எழுபதுகளில், பெண் பார்க்கப் போன இடத்தில், அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கொல்லங்கோட்டில் எங்களுக்கு நெல் வயல். பக்கவாதம் வந்து எழுந்தபின் அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போடவே கால் மணி நேரம் ஆகும்; சாப்பாடு இடது கையால். புத்தி பழையபடி தெளிவு. பேச்சு மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக, குழறிக் குழறி வரும். அதைக் கேட்டுப் பெண் வீட்டார் பயந்துவிட்டால்? பெண்ணைச் சந்தையில் ஒருமுறை பார்த்தே நான் விழுந்தாயிற்று.

"அப்பா, நீங்க பேச வேண்டாமுங்க. தலையாட்டினாப் போதும். மாமன் பேசிக்குவாரு" என்றேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். (சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். மேதாவி!)

மாமனோ போன இடத்தில் புது மோட்டார் பம்பு போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் தோப்புக்குக் கிளம்பிவிட்டார். பெண்ணின் அப்பா நேராக என் அப்பாவிடமே கேட்டார். மாப்பிள்ளையாக வந்தவன் சபையில் வாய் திறக்கக் கூடாது.

"பையனுக்கு சிகரெட் பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"

அப்பா தலையாட்டினார்.

"கள்ளு?"

இன்னும் பலமாக ஆட்டினார்.

"சீட்டாட்டம்?"

மூன்று முறை ஆட்டினார். அவர் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மனுஷர் வேண்டுமென்றே செய்கிறார்!

பெண்ணின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "ஐயோ, ஒண்ணுமே கெடையாதுங்க! பேச்சு கொழறுதுன்னு நாந்தானுங்க அப்பாவைப் பேச வேண்டாம்னேன்!" என்று கத்தினேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் என்னைச் சட்டையே செய்யவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அவசரமில்லீங்க. மெதுவாச் சொல்லுங்க."

காத்திருந்தார். காப்பி ஆறி ஆடை கட்டியது. யாரும் அப்பாவுக்கு வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.

"கெட்ட... பழக்கம்... கெடையாது" என்றார் அப்பா. மூச்சு வாங்கிக்கொண்டார். "புத்தியும்... கெடையாது."

பெண்ணின் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அது எம்புள்ளைகிட்ட ரெண்டு பேருக்கும் சேத்தே இருக்குதுங்க!"

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மாமன் பம்பை மெச்சிக்கொண்டே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இன்றும் நான் எதையாவது சொதப்பினால் பிள்ளைகள் அம்மாவிடம்தான் போய் முறையிடுவார்கள். அவள் அசரமாட்டாள்.

"உங்க தாத்தா எதையும் ஒளிக்கலை. எல்லாந் தெரிஞ்சேதான் கட்டிக்கிட்டேன்."